காப்புக் கட்டிய கை

அன்புள்ள அஞ்சலக்கா,

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் என் இடது முழங்கையை அறுத்துத் திறக்கப்போகிறார்கள். பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நாம் சேர்ந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், மழையில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? எலும்பு கோணலாகக் கூடியது. அதுதான் இத்தனை வருஷம் கழித்து வேலையைக் காட்டுகிறதாம்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு நாங்கள் குனோங் ராபாட்டுக்கு வந்துவிட்டோம். எனக்கு ஜெலாப்பாங்கில் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் வேலை. முதலில் சுண்டுவிரல் மரத்தது. அப்புறம் கட்டைவிரல் பக்கம் சதை வற்றிக் குழி விழுந்தது. ஒருநாள் மிஷின் ஊசி சுண்டுவிரலில் இறங்கிவிட்டது. துணியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. பக்கத்து மிஷின்காரி அன்றிலிருந்து என் டம்ளரைத் தொடுவதில்லை. பெருநோய் என்று நினைத்துவிட்டாள். பொய் சொல்வானேன், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் நேராக ஆத்தாவிடம் போய் நின்றார். "இவ பூக்குழி எறங்குறா, கையைத் திருப்பிக் குடு தாயே" என்று வேண்டிக்கொண்டார். நேர்ந்தது அவர், நெருப்பில் நடப்பது நான்! தோட்டம் போனாலும் கோயில் அங்கேயேதான் இருக்கிறது. உன் வீட்டுக்காரர்தான் இன்னும் பூசாரி. காப்புக் கட்டிக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நீ போனதிலிருந்து நான் மாமாவோடு பேசுவதில்லை.

காப்புக் கட்டி மூன்று நாளாகவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். "நரம்பு முழங்கையில நசுங்கிக் கிடக்கு. வத்திப்போன சதை திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். விட்டுட்டா விரல் மடங்கிப் போயிரும்" என்றார் டாக்டர். வியாழக்கிழமை ஓர் இடம் இருக்கிறதாம். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று அவருக்கே தெரியாதாம். தீமிதி ஞாயிற்றுக்கிழமை.

காப்புக் கட்டினவள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக்கூடாது, கட்டினவரே அவிழ்க்கும்வரை கயிற்றில் கை வைக்கக்கூடாது. இதை உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நீயும் காப்போடுதானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாய். "சும்மா வாயுவாத்தான் இருக்கும், தீ மிதிச்சிட்டுப் போலாம்லா" என்றாய். மாமாவும் தலையாட்டினார். குடல்வால் வெடித்துவிட்டது. தீ மிதிக்கவும் நீ இல்லை. உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை, அக்கா.

வீட்டில் ஒரே சண்டை. "சாமி குத்தம் ஆச்சுன்னா யாரு பாக்குறது? ஒரு கை போனா தாப்பாலா, குடும்பத்துக்கே சூசா, கஷ்டம் மேல கஷ்டம் வந்துரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"கை போனா பரவால்லையா? அப்ப நாளைலருந்து நீங்க சோறாக்குங்க" என்றேன்.

வீராப்பாகப் பேசிவிட்டேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். ஆத்தாவையும் பகைத்துக்கொண்டு, கையும் வராமல் போனால்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்கவும் முடியவில்லை. நீ என்ன செய்தாய் என்றுதான் எனக்குத் தெரியுமே.

முந்தாநாள் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போனேன். மாமா விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தார். மறுத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று முடிவு செய்திருந்தேன்.

"வியாழக்கிழமை ஆபரேசன், மாமா."

இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் பேசியது அதுதான். அவர் என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழி விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"வலிக்குதாம்மா?"

"வலிச்சாத்தான் தேவலையே."

எலுமிச்சம்பழம் அறுக்கிற கத்தியை எடுத்தார். மஞ்சள் கயிற்றை அறுத்து ஆத்தா காலடியில் வைத்தார்.

"ஆத்தா கேட்டா நான்தான் அறுத்தேன்னு சொல்லிக்கிறேன். நீ போ" என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "அவளுக்கு இதை நான் செய்யலியே" என்று அழுதார்.

நான் கொண்டுபோன கேள்வி ஒன்றுகூட வாயில் வரவில்லை, அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

நர்ஸ் தள்ளுகட்டிலோடு வந்துவிட்டாள். இந்தக் கை எனக்குத் திரும்புமா என்று தெரியாது. திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், வீட்டுக்குப் போனதும் மாமாவுக்கு ஒரு வேளைச் சோறு ஆக்கிப் போடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. உன்னைத் திட்டுவதையும் குறைத்துக்கொள்கிறேன். அடியோடு நிறுத்தச் சொல்லாதே.

உன்னோடு பிறக்காத தங்கச்சி,
ராக்கு