சுடலைமுத்துவுக்கு ஒரு சான்றிதழ்

4.3.96, திங்கள்

காலையிலேயே கடும் வெயில். பிசானப் பருவத்து நெல் வரத் தொடங்கிவிட்டது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மூன்று லாரி. அவிக்க ஆள் இல்லை. இந்த வருடம் மட்டும் நம் அரிசி மில்லிலிருந்து நான்கு பேர் வளைகுடா போய்விட்டார்கள். இப்போது பாய்லர் சுடலைமுத்துவும். வியாழன் காலை ஜங்ஷன் லாட்ஜில் துபாய்க்கு ஆள் எடுக்கிறார்களாம். அனுபவச் சான்றிதழ் கேட்டு வந்தான்.

"அது இருந்தா பாய்லர் வேலை, சார். இல்லாட்டா மூடை தூக்கத்தான் எடுப்பாவளாம்."

முதலாளியிடம் கேட்டேன். "குடுக்காதீரும் வே, சார்வாள். நாம பழக்கிவிடுவோம், எவனோ கொத்திக்கிட்டுப் போவானா?"

சுடலையிடம், கையெழுத்துப் போட எனக்கு அதிகாரமில்லை என்றேன். நம்பினான்.

5.3.96, செவ்வாய்

வாங்க: டைப்ரைட்டர் நாடா, கார்பன், பல்வலி மாத்திரை.

மில்காரர்கள் சங்கத்துக்காக டில்லிக்கு மனு. முதலாளி செயலாளர், இங்கிலீஷ் என்னுடையது. கோரிக்கை: பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமல் எந்தத் தொழிலாளியையும் வெளிநாடு போக விடக்கூடாது. விதியைத் திருத்த வேண்டும். ஆள் பற்றாக்குறைக்கு மூன்று சொல் யோசித்து, இருப்பதில் கடுமையானதைப் போட்டேன். கூலியை உயர்த்திப் பார்க்கலாம் என்று ஒரு வரி எழுதி நானே அடித்துவிட்டேன். நல்ல மனு. அதுதான் உறுத்துகிறது.

6.3.96, புதன்

மெட்ராஸிலிருந்து முதலாளி மகன் போன். கனடாவில் குடியேற விண்ணப்பிக்கிறான். மில்லில் ஐந்து வருடம் மேற்பார்வை பார்த்ததாகச் சான்றிதழ் வேண்டும். அவன் மில்லுக்குள் வந்ததெல்லாம் ஆயுதபூஜைப் பொரிக்கு.

போனை வைத்துவிட்டு முதலாளி சொன்னார்: "அப்பன் கையெழுத்து எடுபடாதாம். மானேஜர்னு நீரே போட்டிரும்."

"அண்ணாச்சி, மனுவில நாம சம்மதக் கடிதம்..." என்று இழுத்தேன்.

"அது கூலிக்காரனுக்கு வே. எம்மவன் என்ன மூடையா தூக்குதான்?"

சேர்ந்த தேதி கேட்டேன். "நல்ல நாளாப் பாத்துப் போடும்." பஞ்சாங்கம் பார்த்து ஒரு தை வெள்ளி போட்டேன். கையெழுத்து. சீல். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதிகாரம் இருந்திருக்கிறது.

முதலாளி போனபின் சுடலைக்கும் ஒன்று டைப் அடித்தேன், அவனிடம் சொல்லாமல். சேர்ந்த தேதி தெரியவில்லை. பேச்சுவாக்கில் கேட்டதற்கு, "மூத்தவ பொறந்த வருசம், சார்" என்றான். அது போதாது. இடத்தைக் காலியாக விட்டு மேசைக்குள் வைத்தேன். நாளை பழைய வருகைப் பதிவேடு தேட வேண்டும்.

7.3.96, வியாழன்

ஏழு மணிக்கே மில். பரண் முழுக்கக் கரையான். பதினோரு மணிக்குக் கிடைத்தது: 1981, செப்டம்பர் 14. தேதியை டைப் அடித்து, கையெழுத்திட்டு, பஸ் பிடித்தேன். லாட்ஜ் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. வராந்தாவில் காலி நாற்காலிகள்.

சுடலை கீழே டீக்கடையில். "மூடைக்குப் பேரு குடுத்துட்டேன், சார். பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கிட்டாவ."

தாளை நீட்டினேன். இங்கிலீஷ் அவனுக்குத் தெரியாது. என் கையெழுத்து தெரியும், பதினைந்து வருடமாகச் சம்பளச் சீட்டில் பார்க்கிறான்.

"நீங்கதான் போட்டிருக்கியளா?"

"ஆமா."

மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். எனக்கு ஒரு டீ சொன்னான். காசும் அவனே கொடுத்தான்.

யோசிக்கிறேன். நேற்றே ஏதாவதொரு தேதி போட்டிருக்கலாம். ஒரு நாள் பிசகியிருந்தால் யாருக்கு நஷ்டம்? பொய்த் தேதி போட எனக்குக் கை வராது என்று எழுதப் போனேன். நேற்றைய பக்கம் மேலேயே இருக்கிறது.

11.3.96, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. சுடலை பம்பாய் புறப்பட்டுவிட்டான். பாய்லர் அணைந்து கிடக்கிறது. தொட்டியில் ஊறிய நெல் புளித்து, வாடை தச்சநல்லூர் ரோடு வரை.

முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மனுவில இதையும் சேரும் வே. சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போறானுவன்னு."

சேர்த்தேன். இரண்டு வரி. பிழை இருக்கிறதா என்று படித்துப் பார்த்தேன். இல்லை.