உன் இடுப்பில் இறங்கிய ஊசி

இன்று காலை ராயப்பேட்டையில் ஒரு சவாரியை இறக்கிவிட்டேன். அந்த அம்மாளின் மருந்துப் பையிலிருந்து ஸ்பிரிட் வாசனை வந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சில வருடங்களுக்கு முன் தேனாம்பேட்டை ஆட்டோ ஸ்டாண்டில் வரிசையை மீறி ஆள் ஏற்றினாய் என்று உன் சட்டையைப் பிடித்தேன். நீ என் கழுத்தை நெரித்தாய். பிறகு உதறிவிட்டுத் திரும்பி நடந்தாய். நான் சீட்டுக்கடியிலிருந்து ஜாக்கி ராடை எடுத்து உன் இடுப்பில் இறக்கினேன். எலும்பில் பட்ட அதிர்வு என் முழங்கை வரை ஏறியது. விழுந்த உன்னை இன்னொரு முறையும் அடித்தேன். அந்த இரண்டாவது அடிக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் வண்டி கவிழ்ந்தது என்றே சொன்னாய். அதன்பின் பத்து நிமிடம் ஓட்டினாலே இடது காலில் நெருப்பாக இறங்குகிறது என்று அழுவாய். நீ நடிக்கிறாய் என்று ஸ்டாண்டு முழுக்கச் சொன்னேன். அது நடிப்பில்லை என்றால் நான் செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே.

ஸ்கேனில் முதுகெலும்பின் மூன்று இடத்தில் ஜவ்வு பிதுங்கியிருந்தது. வலி எந்த நரம்பிலிருந்து வருகிறதென்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு நரம்பின் வேரில் மரத்துப்போகும் மருந்தைப் போடுவோம், வலி அடங்கினால் அதுதான் என்றார் டாக்டர். கூடப் போக ஆளில்லை என்று உன் மனைவி என்னைத்தான் கேட்டாள். உன் நடிப்பு வெளிப்படும் என்றுதான் வந்தேன்.

எக்ஸ்ரேயில் பார்த்தபடி ஊசியை இறக்கினார்கள். நீ முனகிக்கொண்டே, "இதான் சார், இதே வலிதான்," என்றது கதவுக்கு வெளியே கேட்டது.

அரை மணி கழித்து நடந்து வந்தாய். இடது காலைத் தரையில் ஓங்கி மிதித்துப் பார்த்தாய். பிறகு என் முகத்தில் ஒரு குத்து. வாயெல்லாம் ரத்தம்.

"நேரா நின்னு உன்ன ஒரு தபா அடிக்கணும்னு நெனச்சிக்கினே இருந்தேன் மச்சி," என்றாய். "இப்பதான் முடிஞ்சுது."

நர்ஸ் ஓடிவந்தாள். ஒன்றுமில்லை என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

அதே நரம்பில் அவ்வப்போது போட்ட ஊசிகளால் இரண்டு வருடம் வண்டி ஓட்டினாய். கடைசியில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது.

காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"தெரியும்ணா. தூக்கத்துல உங்க பேரச் சொல்லித்தான் கத்துவாரு."

தெரிந்துதான் அன்று என்னை உன்னோடு அனுப்பியிருக்கிறாள். அந்தக் கத்தலை நான் கேட்டதே இல்லை. ஸ்டாண்டில் யாராவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், இப்போதெல்லாம் அதுதான் கேட்கிறது.