தொப்புக் கரடியும் நிலாப் படிக்கட்டும்

ஜூலை 31, பெர்த்

இந்த வருடத்தின் ஒன்பதாவது பயணம் நாளை. பதினான்கு பேர், ஒரு பேருந்து, பின்னால் ஒரு இழுவைப் பெட்டி, புரூம் வரை பத்து நாள். ஓட்டுவது வாரன். சமையல், முகாம், வாய் மூன்றும் நான். வாய்க்குத் தனிச் சம்பளம் இல்லை.

நூற்றிருபது முட்டை வாங்கினேன். கடைவாசலிலேயே ஏழு உடைந்தது. நல்ல சகுனம் என்று வாரனிடம் சொன்னேன். “உனக்கு எதுதான் நல்ல சகுனம் இல்ல டீகன்?” என்றான். உண்மைதான். நாளைக்கு இந்நேரம் மணலில் இருப்பேன். கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 1, செர்வான்டிஸ்

கரடி விட்டாயிற்று!

பயணத்துக்குப் பயணம் விடுவதுதான், ஆனாலும் இன்று நான் என்னையே மிஞ்சிவிட்டேன். அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். தொப்புக் கரடி. கோவாலா மாதிரியே இருக்கும், பல் மட்டும் வேறு. மரத்தில் உட்கார்ந்திருக்கும், கீழே ஆள் வந்தால் தொப்பென்று கழுத்தில் விழும். உள்ளூர்க்காரர்களைத் தொடாது, நாங்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் வெஜிமைட்டின் வாசனை அதற்கு ஆகாது. அதனால் படுக்கப் போகுமுன் இரண்டு காதுக்குப் பின்னாலும் அதைத் தடவிக்கொள்ள வேண்டும்.

வாரன் உடனே சட்டைக் காலரை இறக்கி, மோட்டார் சைக்கிளில் விழுந்த தழும்பைக் காட்டினான். அவனுக்கு விருதே கொடுக்கலாம்.

“எவ்ளோ வெயிட் இருக்கும்?” என்று கேட்டாள் நீவ். கால்வேயிலிருந்து வந்த ஐரிஷ்காரி, எதற்கும் பயப்படாதவள் மாதிரி இருந்தாள்.

“இருபது கிலோ. ஆனா விழும்போது நாப்பது.”

இந்த முகாமில் இருப்பதே மூன்று மரம். பதினான்கு பேரும் கித்தான் படுக்கையைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடினார்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் காதாகச் சோதித்தேன். எஸ்டோனியாக்காரன் ஒருவன் இருக்கிறான், டார்மோ, ஒல்லி, சிரிக்கவே மாட்டான் போலிருக்கிறது. “ஒரு காதுக்கு எவ்வளவுங்க?” என்று கேட்டான்.

“அரைத் தேக்கரண்டி.”

நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். எழுதிக்கொண்டான்! வண்டிக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் விலா வலிக்கிறது.

ஆகஸ்ட் 2, கல்பாரி

டார்மோ முன் சீட்டைப் பிடித்துவிட்டான். எதிரே வண்டி வரும்போது வாரன் ஸ்டியரிங்கிலிருந்து வணக்கமாக ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தான். அப்புறம் அவனும் தூக்கினான், முழங்காலில் கையை வைத்து, ஒரே ஒரு விரல். மூன்று பெட்டி கோர்த்த ராட்சத லாரிக்காரர் பதிலுக்குத் தூக்கினார். டார்மோ திரும்பி என்னைப் பார்த்தான். அந்த முகத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 3, ஷார்க் பே

குட்டு உடைந்தது. வழியில் பெட்ரோலுக்கு நின்ற இடத்தில் நீவ் கல்லாவில் இருந்த அம்மாவிடம், “இங்க கரடி ஜாஸ்தியா?” என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பீட்ரூட் பர்கர் தட்டோடு கீழே போனது.

“அடிப்பாவி! ரெண்டு நாளா காது நாறிட்டுத் திரியறேன்டி நான்!” நீவ் சாஸ் பாட்டிலோடு என்னை விரட்டினாள். பெட்ரோல் குழாயைச் சுற்றி மூன்று சுற்று ஓடினேன். எல்லோரும் கைதட்டினார்கள். இதற்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.

டார்மோ மட்டும் அப்போது வேலியோரம் ஈமுக்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நீவ் உடனே எல்லோரையும் கூட்டி, “யாரும் அவன்ட்ட மூச்சு விடக் கூடாது. விட்டா வெஜிமைட் டப்பாவுக்குள்ள தலைய முக்கிடுவேன்” என்று சத்தியம் வாங்கினாள்.

எனவே இன்று ஒரே ஒரு காது ஜோடிதான் சோதனைக்கு. ஒரு ஜோடிக்கு அவ்வளவு நேரம் ஆகக் கூடாது. ஆனது.

ஆகஸ்ட் 5, கோரல் பே

தண்ணீர்! காலை முதல் மாலை வரை தண்ணீர்! பவளப்பாறைக்கு மேலே மிதந்தோம். மேசை விரிப்பு அகலத்தில் ஒரு திருக்கை எங்களுக்கு அடியில் போனது. நீவ் மூச்சுக் குழாயைக் கடித்துக்கொண்டே கெட்ட வார்த்தை பேசினாள், தண்ணீருக்குள்ளிருந்தும் கேட்டது. யாரோ என் கையைப் பிடித்தார்கள். டார்மோ. திருக்கை போன பிறகும் விடவில்லை. நானும் விடவில்லை.

மணலில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். அவன் எஸ்டோனியாவில் தார்த்து என்ற ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கிறானாம். “மூணு மாசமா லிஃப்டே இல்லாத ஊர்ல இருக்கேன். நிம்மதியா இருக்குங்க” என்றான். நான் சிரித்ததில் புரையேறி, அவன் முதுகில் தட்டி — சரி, போதும்.

அவன் விசா முடிகிறது. பதினொன்றாம் தேதி காலை புரூமிலிருந்து விமானம், அப்படியே ஊருக்கு. இன்றைக்கு ஐந்து.

காது பார்க்கப் போனேன். அரைத் தேக்கரண்டி, பெயின்ட் அடித்த மாதிரி ஒரே சீராக. இப்படி நம்புகிற ஆளை எத்தனை நாள் ஏமாற்றுவேன்? சொல்லிவிடலாம். சொன்னால் நாளை முதல் எந்தக் காரணத்தை வைத்துக்கொண்டு போவேன்?

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6

அறுநூற்றைம்பது கிலோமீட்டர். சிவப்புத் தூசி. பல்லிலும் தூசி. வழி முழுக்கப் பாட்டு. எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது, எழுதிவிட்டேன், ஆயிற்று.

ஆகஸ்ட் 7, கரிஜினி

இன்று சொன்னேன்.

பள்ளத்தாக்குக்குள் இறங்கி, பாறை இடுக்கில் சிலந்தி மாதிரி காலைப் பரப்பி நடந்து, அந்தக் கடைசிக் குளத்தில் குதித்தோம். எலும்பு வரை குளிர். மற்றவர்கள் அருவிப் பக்கம் போனார்கள். பல் கிட்டிக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்தேன். “டார்மோ, எனக்கு உன்ன பிடிச்சிருக்கு. விளையாட்டுக்குச் சொல்லல.”

அவன் கரையேறி, கையைத் துடைத்து, நோட்டை எடுத்து எழுதினான்! எழுதிவிட்டுச் சொல்கிறான்: “இதுக்கு எங்க தடவணும்ங்க?”

ஐயோ. ஐயோ! யாரோ சொல்லிட்டாங்களா? இல்ல கரடி நிஜம், நான்தான் பொய்னு நினைக்கிறானா? நான் வாயத் தொறந்தாலே கதைதான்னு முடிவு பண்ணிட்டானா? இல்ல நான் கேக்கறதே அவனுக்குச் சிரிப்பா இருக்கா? எனக்கு இது வேணும். நல்லா வேணும். ஒன்பது பயணமா புளுகினேன்ல, அனுபவி.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. பிடிக்காதவனிடம் மரியாதையாகப் பேசுவோம், பிடித்தவனைத்தான் ஓட்டுவோம். இதை அவனுக்கு எப்படி விளங்க வைப்பது? விளங்க வைத்தால் அதுவும் நோட்டில் ஏறும்.

திரும்பி ஏறும்போது ஆத்திரத்தில் கத்தினேன். “புரூம்ல நிலா கடல்மேல படிக்கட்டு போடும். தண்ணி வத்தின சேத்துல தங்கப் படி, ஒண்ணொண்ணா. பௌர்ணமி ஒட்டி மூணு நாள்தான். நாம போற பத்தாம் தேதிதான் கடைசி நாள். அது பொய்னா நான் சொன்னதும் பொய். அது நிஜம்னா இதுவும் நிஜம்!”

நீவ் பாறைமேல் உட்கார்ந்து கைதட்டினாள். “நிலா படிக்கட்டு! சூப்பர்டி! கரடிய விட இது நல்லாருக்கு!”

டார்மோ எழுதிக்கொண்டான்.

ஆகஸ்ட் 8, கரிஜினி

டயர் ஒன்று போனது. கூரான கல். உபரி டயரை மாட்டினோம். வாரன் பெருமூச்சு விட்டான், டயருக்காக இல்லை. “உண்மை சொல்ற மூஞ்சி உனக்கு இல்ல டீகன். நான் உன்ன ஆறு வருஷமா பாக்கறேன். நெருப்புன்னு கத்தினாகூட முதல்ல டீயக் குடிச்சு முடிப்பேன்.”

“படிக்கட்டு நிஜம்தானே? நீயாவது சொல்லேன் அவன்ட்ட.”

“நானா? தழும்பு காட்டினவன் நான்.”

அதுவும் சரிதான்.

ஆகஸ்ட் 9, எண்பது மைல் கடற்கரை

சங்கு பொறுக்கினோம். நிலா முழுசாக இருந்தது. இங்கே சேறு இல்லை, படியும் இல்லை. அவன் காதில் இன்றும் அரைத் தேக்கரண்டி.

ஆகஸ்ட் 10, புரூம்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நிலா ஏழேகாலுக்கு எழும். படிக்கட்டு அரை மணி நேரம்கூட நிற்காது. புரூமுக்கு நாலு மணி நேரத்து வழி. பன்னிரண்டுக்குக் கிளம்பினாலே தாராளம். பத்தரைக்கே எல்லோரையும் வண்டியில் அடைத்துவிட்டேன். “பாத்ரூம் போகணும்” என்ற நீவை முறைத்தேன்.

கடற்கரையிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் மண் பாதையில், ஐந்தாவது கிலோமீட்டரில், டமால். உபரி டயர் கிடையாது, அதைக் கரிஜினியிலேயே வேறு சக்கரத்துக்கு மாட்டியாயிற்று.

வாரன் இறங்கிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். எதிரே வந்த முதல் வண்டி நின்றது, கையைக் காட்டினால் நிற்காமல் போக மாட்டார்கள் இங்கே. வாரன் அதில் ஏறிக்கொண்டு டயர் தேடிப் போனான். ஒரு மணி. இரண்டு மணி. நான் தக்காளி நறுக்கினேன், சாண்ட்விச் கொடுத்தேன், யாருக்கும் கதை சொல்லவில்லை. மூன்றரைக்கு வந்தான், டயரோடு. அளவு சரி, ஆனால் வெடித்த சக்கரத்தின் கடைசி நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. வாரன் முயன்றான். அசையவில்லை. ஸ்பானரைப் பிடுங்கி, அதன்மேல் ஏறி நின்று குதித்தேன். குதித்துக் குதித்து, “சுத்துடா! சுத்தித் தொலைடா! இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எனக்காக —” என்று அழ ஆரம்பித்துவிட்டேன். பதினான்கு பேர் முன்னால், மூக்கு ஒழுக, ஒரு நட்டுக்காக. நீவ்கூடச் சிரிக்கவில்லை. வந்து என் பக்கத்தில் ஸ்பானர்மேல் ஏறி நின்றாள். இருவரும் சேர்ந்து குதித்தோம். கழன்றது.

வழி முழுக்க நான் மணியைப் பார்த்தேன், வாரன் மாட்டையும் கங்காருவையும் பார்த்து மெதுவாக ஓட்டினான். இருட்டில் வேறு வழியில்லை.

எட்டு பத்து. கரைக்கு ஓடினேன். நிலா அந்தரத்தில், சின்னதாக, வெள்ளையாக. கீழே வெறும் பளபளப்பு. படி இல்லை. நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர், “அடடா, இப்பத்தான் முடிஞ்சுது. இந்த வருஷத்துலயே இன்னிக்குத்தான் நல்லா விழுந்துச்சு” என்றார்.

“கேட்டியா!” என்று திரும்பினேன்.

டார்மோ பின்னால் நின்றிருந்தான். “அவருக்கும் நீங்க சொல்லிக் குடுத்திருக்கலாமே” என்றான். முகத்தில் ஒன்றுமில்லை. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவனும் உட்கார்ந்தான். நோட்டைத் திறந்தான். எனக்குத் தெரியாத மொழி, அவனே சொல்லிக்கொண்டு போனான்.

“ஆகஸ்ட் ஒண்ணு. கரடி. பொய். என் பெரியப்பா பையன் போன வருஷம் இங்க திராட்சை பறிச்சான், அவன் காதிலயும் தடவிவிட்டாங்க. தெரிஞ்சும் தடவிக்கிட்டேன். டீகன் வந்து காதைப் பாத்தா. பத்து விநாடி. ஆகஸ்ட் மூணு. எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு, எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறாங்க. தடவிக்கிட்டேன். நாப்பது விநாடி. ஆகஸ்ட் அஞ்சு. ரெண்டு நிமிஷம்.”

“நீ நேரம் பாத்தியா!”

“லிஃப்ட் வேலை. பழக்கம்.” பக்கத்தைப் புரட்டினான். “ஆகஸ்ட் ஏழு. பிடிச்சிருக்குன்னு சொன்னா. பொய்யா நிஜமா தெரியல. இது ஒண்ணுதான் தெரியல. பயத்துல ஜோக் அடிச்சுட்டேன்.”

நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன், ஒரு எழுத்தும் புரியவில்லை.

“படிக்கட்டு போச்சே டார்மோ. இனி எத வச்சு நம்புவ?”

“நட்டு” என்றான். “விளையாட்டுக்குச் சொல்றவங்க யாரும் ஒரு நட்டு மேல ஏறி நின்னு அழ மாட்டாங்க. நீ அழுத.” நீங்க போய் நீ வந்ததை அப்போது கவனிக்கவே இல்லை, இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். வெஜிமைட் நாற்றம். பின்னால் நீவ் கூவினாள்: “தொப்புன்னு விழுந்துட்டாடோய்!”

ஆகஸ்ட் 11

விமான நிலையம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன பிறகு டார்மோ திரும்பி ஒற்றை விரலைத் தூக்கினான். நானும் தூக்கினேன். வாரன் வண்டியைக் கிளப்பாமல் ரொம்ப நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தான். புதன்கிழமை பத்தாவது பயணம். முட்டை வாங்க வேண்டும்.

ஜனவரி 14, தார்த்து

மைனஸ் பதினொன்று. வந்து ஐந்து நாள் ஆகிறது. மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஊரில் ஒரு லிஃப்ட் விடாமல் எல்லாவற்றிலும் ஏறிவிட்டேன்.

இன்று உறைந்த ஏரியில் நடக்கப் புறப்பட்டோம். பூட்ஸ் மாட்டும்போது டார்மோவின் அம்மா மைரே வந்து என்னைத் தனியாக உட்கார வைத்தார். அதே முகம், ஒன்றுமே இல்லாத முகம். ஒவ்வொரு வார்த்தையாக, நிதானமாகச் சொன்னார்: “பனிக்கு அடியில ஒரு மீன் இருக்கும்மா. பெரிசு. வெளியூர்க்காரங்க நடந்தா சத்தம் தெரிஞ்சுக்கும், கீழயே கூட வரும், பனி மெலிஞ்ச இடத்துல மேல வந்துடும். கடுகு வாசனைதான் அதுக்கு ஆகாது. மூக்குல தடவிக்கணும்.”

டார்மோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தோள் மட்டும் குலுங்கியது. அவன் அப்பா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

“எவ்வளவுங்க தடவணும்?” என்று கேட்டேன்.

“அரைத் தேக்கரண்டி.”

தடவிக்கொண்டேன். வாசலில் மைரே அம்மா டார்ச்சை எடுத்து வந்து, என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, ஒரே சீராக இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்தார். பத்து விநாடிக்கு மேலேயே இருக்கும். இன்னும் எரிகிறது.