மாமா கொடுத்த காரின் அடித்தகடு

நமாகா,
செப்டம்பர் 2000

அன்புள்ள அப்பாவுக்கு மோகினி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? ட்ரெகேட்டியில் நம் வயலில் நெல் நட்டாயிற்றா?

பயப்பட ஒன்றுமில்லை, ஒரு விஷயம். மே மாத ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு தேவேந்திரா மாமா குடிபெயர்ந்து கனடா போகும்போது எனக்குக் கொடுத்த காரை நேற்று வருடாந்தரச் சோதனைக்குக் கொண்டுபோனேன். "ஃபிட்னஸ் எல்லாம் சரியா இருக்கு" என்று அவர் சொன்னதை நம்பி மூன்று மாதம் ஓட்டியிருக்கிறேன்.

சோதிப்பவர் ஏழுமலை, நம் ஊர்க்காரர். முன்சீட்டு மிதியடியைத் தூக்கி, அடியிலிருந்த கறுப்புத் தகட்டை நெம்பினார். வாளி அளவு ஓட்டை. கீழே ரோடு தெரிந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கொடுத்த அதே மாமாதான் இந்தத் தகட்டையும் வைத்திருக்கிறார்.

"நீ எப்பம்மா வெளிநாட்டுக்குக் கிளம்புற?" என்றார் ஏழுமலை.

"எங்கயும் போகல, அண்ணா."

"இந்த லைன்ல நிக்கிற அத்தனை காரும் விக்கத்தான் வந்திருக்கு. நீ எதுக்குக் கொண்டாந்த?"

"தீபாவளிக்கு எங்கம்மா வராங்க. இந்த சீட்லதான் உக்காருவாங்க."

அவர் சிரிக்கவில்லை. "வெல்டிங் பண்ணிட்டு வா" என்று தகட்டை என்னிடம் கொடுத்தார்.

துப்பாக்கிக்குப் பயந்து போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அதற்காகத் தங்கை மகளின் காலடியில் ஓட்டையை மறைத்துவிட்டுப் போவதா? அம்மாவுக்குப் படித்துக்காட்டும்போது இதை விட்டுவிடுங்கள்.

வரும்போது நம் அரிசி கொஞ்சம் கொண்டுவாருங்கள். ஒருத்திக்கு மட்டும் சமைக்க எனக்கு அளவே தெரியவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. மாமாவின் கனடா முகவரியை உடனே அனுப்புங்கள். தகட்டைத் துடைத்துப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்,
மோகினி