காயவைத்த ஒலிவ்

ஒக்ரோபர் 28, சனி

சுவிஸின் இத்தாலியன் பேசும் பக்கம், லுகானோவிலிருந்து சிவநேசன் அண்ணை வந்தார். அப்பாவோடு ஒரே அகதி முகாமில் இருந்தவர். காரின் பின்பக்கத்தில் இரண்டு வாழைப்பழப் பெட்டிகள், நிறைய ஒலிவ் காய். பாதி பச்சை, பாதி ஊதா. காலையில்தான் மரத்தில் ஆய்ந்தவை. கூடவே எண்ணெய் பிழியும் முறை அச்சிட்ட ஒரு தாள், இத்தாலியனில்.

"எனக்கு இந்தக் கோதாரி விளங்காது மச்சான். படிச்ச பிள்ளை வீட்டிலை இருக்கேக்கை எனக்கென்ன கதை?"

அப்பா தாளை என்னிடம் நீட்டினார். "என்ன எழுதிக் கிடக்கு?"

பல்கலைக்கழகத்தில் மூன்று பருவம் இத்தாலியன் படித்தேன். எல்லாம் விளங்கியது. ஒரு நாளுக்குள் பிழிய வேண்டும். காயவைக்கக் கூடாது. வெளிச்சம் படாத போத்தல். குளிர்ந்த இடம்.

"காயைக் கழுவச் சொல்லியிருக்கு," என்றேன்.

"அது தெரியாதோ எனக்கு!"

இருவரும் சிரித்தார்கள். தாளை மடித்து இந்த நாட்குறிப்புக் கொப்பிக்குள் வைத்தேன். ஏன் வைத்தேன்? அப்போது தெரியாது. இப்போதும் தெரியாது என்று எழுதினால் பொய்.

ஒக்ரோபர் 29

அப்பா முப்பது வருடமாக ஒரே உணவகத்தில் சமையல்காரர். முதலாளி பிறுன்னர் அம்மையார். டிசம்பரில் ஒரு ஞாயிறு, பழைய வாடிக்கையாளருக்கு மதிய விருந்து. அதில் அப்பாவின் எண்ணெய். உணவுப் பட்டியலில் அச்சில் வரும்: உருத்திரமூர்த்தியின் எண்ணெய்.

"இவ்வளவு காலமும் கிச்சினுக்குள்ளை நிண்டிட்டன். ஒருக்கா என்ரை பேர் மேசைக்குப் போகட்டும்."

அங்கே யாருக்கும் தெரியாது: இரண்டு வருடம் முன் வந்த காய்ச்சலோடு அவருக்கு மணம் போய்விட்டது. தெரிந்தால் அவர் சமையல்காரர் இல்லை. உப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரியும். மற்றதெல்லாம் கைக்கணக்கு. வீட்டில் மீன், பால், போட்ட சேர்ட் எல்லாம் என் முகத்துக்கு முன் வரும். "மணந்து சொல்லு பிள்ளை." அம்மா இருந்தால் அம்மாவைக் கேட்பார். அம்மா போய்விட்டாள். சாகவில்லை, பீல் நகரத்துக்கு.

ஒக்ரோபர் 30

காய்களைக் கழுவினார். துடைத்தார். பத்திரிகை விரித்துப் பரப்பினார். கூடத்தில், நடைபாதையில், ஹைற்சுங்குக்குப் பக்கத்தில். அந்தச் சூடாக்கியை ஐந்தில் திருப்பி விட்டார்.

"காயாத கொப்பராவை ஆரும் செக்கிலை போடுவினமோ? எள்ளும் அப்பிடித்தான். தண்ணி போகோணும், பிறகுதான் எண்ணெய்."

அழகான தர்க்கம். அதில் ஒரு ஓட்டையும் இல்லை. ஒலிவ் மட்டும் அதற்குள் அடங்காது.

சரி அப்பா, என்றேன்.

நவம்பர் 3

வீடு முழுக்க ஈரச் சாக்கு மணம். புளித்த வைன். அதன் நடுவில் இருந்து தேநீர் குடிக்கிறார்.

நவம்பர் 4

காரணத்தை எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் நான் வெறும் கெட்டவள்.

சித்திரையில் அப்பா ரெயில் எடுத்து பாசலுக்குப் போனார். பானுஜனின் வீட்டுக்கு. பானுஜனை நான் கட்ட இருந்தேன். அந்தப் பகுதி ஆட்கள் எங்களுக்குச் சரிவராது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அவனுடைய தாய் கொடுத்த கோப்பியைக் குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்: என் மகள் இருபத்திரண்டு வயதில் நான்கு மாதம் மனநல மருத்துவமனையில் இருந்தவள். இப்போதும் குளிசை போடுகிறாள்.

திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றியபடி: "பொய் ஒண்டும் சொல்லேல்லை. உண்மையைத்தானே சொன்னன்."

பானுஜன் அதன் பிறகு போன் எடுக்கவில்லை.

நானும் பொய் ஒன்றும் சொல்லவில்லை. கழுவச் சொல்லித்தான் இருந்தது. முதல் வரியில்.

நவம்பர் 9

பத்தாம் நாள். கொட்டை நீக்கி, தோசைக்கு அரைக்கும் கிரைண்டரில் போட்டார். ஊதாச் சேறு. கீழ்வீட்டுக்காரரின் அப்பிள் பிழியும் இயந்திரத்தில், பழைய வேட்டித் துணியில் பொதிந்து இறுக்கினார். கறுத்த தண்ணீர் வடிந்தது. அதன் மேல் எண்ணெய் மிதந்தது. கரண்டியால் அள்ளி அள்ளி ஒரு பாத்திரத்தில் சேர்த்தார். கடைசித் துளியையும் விரலால் வழித்தார். சந்தோசத்தில்.

இருபத்தைந்து கிலோவுக்கு இரண்டரை லீற்றர்.

"பாத்தியோ நிறத்தை!"

நிறம் நல்லதுதான்.

நவம்பர் 12

ஊரில் நல்லெண்ணெயை வெயிலில் வைத்துத் தெளிய விடுவார்களாம். கண்ணாடிப் போத்தல்களை மூடாமல், வாயில் துணி கட்டி, யன்னலில் அடுக்கினார். வின்டர்தூரில் நவம்பரில் வெயில் எங்கே? ஐந்து நாளாய்ப் பனிமூட்டம். போத்தல்களைத் தூக்கி ஹைற்சுங் மேல் வைத்தார். அவற்றுக்கு மேல் ஒரு மேசை விளக்கு.

நான் நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லி ரெயில் நிலையத்தில் இரண்டு மணி நேரம் இருந்தேன். எங்கும் போகவில்லை.

இன்னும் சொல்லலாம். இந்த வருடம் எண்ணெய் பழுதாகிவிட்டது, அடுத்த வருடம் பார்ப்போம் என்று. ஒரு வசனம்.

நவம்பர் 26

கேட்டார். கடைசியில் கேட்டார். கரண்டியில் ஊற்றி, மற்றக் கையைக் கீழே ஏந்தி, குழந்தைக்கு ஊட்டுவதுபோல.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. பிழையெண்டா குடுக்க மாட்டன். எனக்கு உன்ரை மூக்கு மட்டும்தான்."

பழைய மெழுகு. நாள்பட்ட வேர்க்கடலை. விழுங்கினேன்.

"நல்லாயிருக்கு."

"உண்மையாவோ?"

"ஓம் அப்பா."

என் தலையைத் தொட்டார். சித்திரைக்குப் பிறகு முதல் தடவை.

டிசம்பர் 10, ஞாயிறு

போத்தல்களைத் தூக்க நானும் போனேன். விருந்துக்கு ஒரு மணி நேரம் முன். பிறுன்னர் அம்மையார் ஒரு துளி நாக்கில் வைத்தார். சிங்க்கில் துப்பினார். கோபமில்லை. யோசித்தார்.

பிறகு இரண்டு கிண்ணம் எடுத்தார். ஒன்றில் கடை எண்ணெய், மற்றதில் அப்பாவுடையது. நிறம் தெரியாதபடி துவாயால் மூடி, கரண்டி கொடுத்தார். "மூர்த்தி, எது உன்னுடையது?"

அடுப்படியில் எல்லோரும் நின்றார்கள். அப்பா ஒன்றை நக்கினார். கண்ணை மூடினார். மற்றதை நக்கினார். நேரம் எடுத்தார், பெரிய சமையல்காரர் போல. பிறகு சிரித்துக்கொண்டு முதல் கிண்ணத்தைக் காட்டினார்.

கடை எண்ணெய்.

ஒருவன் சிரித்தான். அம்மையார் அவனை நிறுத்தி, மெதுவாகக் கேட்டார்: "எவ்வளவு காலமாக?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மையாரை இல்லை, என்னை.

பட்டியல்களை யாரோ சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

டிசம்பர் 11

தட்டுக் கழுவும் இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மருத்துவச் சான்றிதழ் வரும்வரை.

டிசம்பர் 14

சிவநேசன் அண்ணை போன் எடுத்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார், கை ஈரம்.

"என்ன மச்சான், பழுதாப் போச்சாம்? இங்கத்தைத் தோட்டக்காரனைக் கேட்டன். ஒரு நாளுக்குள்ளை பிழியோணுமாம். அந்தப் பேப்பரிலையே கிடக்காம். பிள்ளை வாசிச்சுச் சொல்லேல்லையோ?"

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தி நின்றது.

"சொன்னவ," என்றார் அப்பா. "நான்தான் கேக்கேல்லை."

"உன்ரை எருமைக் குணம் இன்னும் போகேல்லை!"

"ஓம். போகேல்லை."

வைத்தார். கையைத் துடைத்தார். அறைக்குள் போனார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டட்டும், திட்டினால் நானும் பாசலைப் பற்றிக் கத்தலாம், எவ்வளவு நாளாய் வைத்திருக்கிறேன் அந்த வசனங்களை — அவர் வெளியே வரவில்லை. கதவு திறக்கவே இல்லை.

ஜனவரி 2

பழுதான பாலைக் குடித்தார். என்னைக் கேட்கவில்லை.

ஜனவரி 17, புதன்

மருத்துவமனை. சமையலறை டொச், அந்த ஜெர்மன், அவருக்குப் போதும். மருத்துவமனை டொச்சுக்கு நான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

படிவத்தை அவரே நிரப்பினார். கூட வந்தவர் என்ற இடத்தில், பெரிய எழுத்தில்: மொழிபெயர்ப்பாளர்.

மணக்குச்சிகள் பன்னிரண்டு. சரியாகச் சொன்னது ஒன்று, அதுவும் ஊகம். மருத்துவர் எழுதிக்கொண்டே கேட்டார்: வீட்டில் உணவை யார் முகர்ந்து பார்க்கிறார்கள்?

"மகள் எண்டு சொல்லுங்கோ."

சொல்லுங்கோ. 'சொல்லு பிள்ளை' இல்லை. என்னை.

மகள், என்றேன்.

அப்படியென்றால் முதலாளியின் கடிதத்தில் இருக்கும் அந்த எண்ணெய்? மகள் கவனிக்கவில்லையா?

அப்பா சுவரைப் பார்த்தார். "கவனிச்சவ. எனக்குச் சொல்லேல்லை. அப்பிடியே சொல்லுங்கோ, ஒண்டும் விடாதேங்கோ."

மொழிபெயர்ப்பவர்கள் 'நான்' என்று தன்மையில்தான் பேச வேண்டும். பேசினேன். என் மகள் கவனித்தாள். எனக்குச் சொல்லவில்லை.

மருத்துவர் பேனாவை வைத்தார். மணம் தெரியாதவர் பழுதானதைச் சாப்பிடுவார், புகை வந்தாலும் அறியமாட்டார், வீட்டில் நம்பக்கூடிய ஒருவர் வேண்டும் என்றார். அடுத்த முறை மகளை அழைத்து வாருங்கள். அவரோடு நான் பேச வேண்டும்.

அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். முழுவதையும்.

"அவ வரமாட்டா எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன்.