அந்தப் பக்கத்து மழை

மார்ச் 4

ஊற்றில் குடம் நிரம்ப இன்று முப்பத்தெட்டு நிமிடம். வீட்டுக்காரர் பெரிய அண்டாவைக் கழுவிக் கோணிக்குள் கட்டிவிட்டார். "நிரப்ப முடியாத அண்டா எதுக்கு? அடுத்த கோடையும் இப்படின்னா டவுனுக்குப் போயிடலாம்."

நான் எங்கும் போவதாக இல்லை.

மார்ச் 19

நிலத்தடி நீர் அதிகாரி வந்தாள். சின்னப் பெண், குரல் மட்டும் கணீரென்று. போன வருடம் நான் ஊரையே கூட்டி மழைநீர் இறங்கட்டும் என்று ஊற்றுக்கு நேர் மேலே வெட்டவைத்த இருநூறு குழிகளையும் சுற்றிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த நோட்டைச் சாய்த்துப் பிடித்தாள். "பாறை அடுக்கு இப்படித்தாம்மா சாஞ்சிருக்கு. மலைக்கு அந்தப் பக்கம் பெய்யற மழைதான் உள்ள இறங்கி உங்க ஊத்துக்கு வருது."

இருநூறு குழி. அத்தனையும் தப்பான பக்கம். இனி ஊர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மார்ச் 20

அந்தப் பக்கம் சம்பந்தி ஊரின் மேய்ச்சல் நிலம். மகள் கல்யாணத்திலிருந்து சம்பந்தியம்மாவும் நானும் பேசுவதில்லை. போயும் போயும் அவங்க வாசல்லயா போய் நிக்கணும்?

மார்ச் 27

நின்றேன். அதிகாரியும் கூட வந்தாள்.

"எங்க மேட்டுல குழி, உங்க வீட்டுல தண்ணியா? நல்லா இருக்கே கதை" என்றார் சம்பந்தியம்மா.

"நம்ம பேரன் லீவுக்கு வந்தா குளிக்கத் தண்ணியில்லைங்க" என்றேன். குரல் உடைந்துவிட்டது. சே.

சம்பந்தியம்மா மேட்டைத் திரும்பிப் பார்த்தார். "எங்க ஆடு எங்க மேயும்?"

குழிக் கரையெல்லாம் துறையே தீவனப்புல் நட்டுத் தரும், அறுத்துப் போடலாம் என்றாள் அதிகாரி.

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 22

இரண்டு ஊரும் வெட்டுகிறது, மண்வெட்டி துறையுடையது. சம்பந்தியம்மா குச்சியோடு வந்து என் குழியை அளந்தார். "ஒரு சாண் குறையுது சம்பந்தி." எட்டு வருடத்தில் தானாக வந்து பேசிய முதல் பேச்சு, அதுவும் குறைதான். இன்னும் ஒரு சாண் வெட்டினேன்.

ஜூலை 2

மழை. அந்தப் பக்கமும் பெய்கிறதா என்று சம்பந்தியம்மாவுக்கே போன் போட்டேன். "கொட்டுது" என்றார்.

மார்ச் 4

போன வருடம் முப்பத்தெட்டு. இன்று குடம் நிரம்ப நான்கு நிமிடம். நம்பாமல் மூன்று முறை பிடித்துப் பார்த்தேன். நான்கேதான். ஜெயித்துவிட்டோம்.

வீட்டுக்காரர் கோணியைப் பிரித்து அண்டாவை வெளியே எடுத்தார். அதைக் கழுவ மட்டும் இரண்டு குடம் கொட்டினார். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.