பங்களா வளைவில் இறங்கியவர்கள்

நண்பா,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் தம் பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். எண்ணெய்ப் புகை பனியோடு கலந்து சன்னல் வழியாக வந்தது. உன் மோட்டாரின் வாசனை. உடனே எழுத உட்கார்ந்தேன். வழக்கம்போல முதலில் குறிப்பு எடுத்துக்கொண்டேன், நீ உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

1. பங்களா வளைவில் வண்டியை விட்டு இறங்க நான் எப்படிக் கற்றேன்.
2. இறங்காமல் போக உன்னிடமிருந்து எப்படிக் கற்றேன்.
3. என்னைப் பார்த்து எவரும் எதையும் கற்றதில்லை.

முதலாவது எளிது. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்தபோது யாரும் எனக்கு விதி எதையும் சொல்லவில்லை. மேட்டுப் பாதையில் முன்னால் போன மூத்த கிராணி, வளைவில் தோட்ட மேலாளரான துரையின் பங்களா வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கினார், நானும் இறங்கினேன். வேலி முடியும்வரை தள்ளிக்கொண்டு நடந்தார், நானும் நடந்தேன். தொப்பியைக் கழற்றினார், என்னிடம் தொப்பி இல்லை, இருந்தும் கை தலைக்குப் போனது. தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் மழையிலும் அந்த இடத்தில் குடையை மடக்கிக்கொண்டு போவார்கள். வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பிய பிறகு பங்களா சில மாதம் பூட்டிக் கிடந்தது. அப்போதும் இறங்கினோம்.

நீ ஈப்போவிலிருந்து தொழிற்சாலைக் கிராணியாக வந்தபோது, நம் நாட்டுக்காரர் ஒருவர் துரையாகியிருந்தார். வந்த வாரமே நீ கேட்டாய்.

"யாரு இறங்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. எல்லாரும் இறங்குறாங்க."

"புதுத் துரைக்கு இது தெரியுமா? ரோட்டுல பள்ளம் இருக்கு, அதான் தள்ளிக்கிட்டுப் போறாங்கன்னு நெனைச்சிக்கிட்டு இருப்பாரு லா."

சிரித்தேன். மறுநாளும் இறங்கினேன். எனக்கு இருந்தது தோட்டம் கொடுத்த வீடு மட்டும்தான். வேலை போனால் வீடும் போகும். மனைவிக்கு அப்போது மூன்றாம் மாதம்.

நீ இறங்கவில்லை. நான் பின்னால், அதற்குள் வாங்கியிருந்த என் மோட்டாரைத் தள்ளிக்கொண்டே பார்த்தேன். வேகத்தைக் குறைத்து இரண்டாம் கியருக்கு மாற்றினாய். வராந்தாவில் நின்ற துரையைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தாய். துரை கையைத் தூக்கினார். உன்னைக் கூப்பிட்டு அனுப்புவார் என்று அன்று முழுவதும் காத்திருந்தேன். கூப்பிடவில்லை. அதன் பிறகு தினமும் நீ அப்படியே போனாய். நாங்கள் தினமும் இறங்கினோம்.

மனைவிக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, தானா ராத்தா மருத்துவமனையில் காட்டிவிட்டு மோட்டாரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. வளைவில் செம்மண் வழிந்து ஓடியது. பழக்கத்தில் என் கால் தரையைத் தேடியது.

"இப்பவுமா இறங்கணும்?" என்றாள் பின்னாலிருந்து. "வழுக்குதுங்க. விழுந்தா யாரு தூக்குவா, துரையா?"

உன் முதுகுதான் நினைவுக்கு வந்தது. வேகத்தைக் குறைத்தேன். இரண்டாம் கியர். தலையசைப்பு. நீ அசைக்கும்போது உடம்பு லேசாக இடப்பக்கம் சாயும். அதையும் விடாமல் செய்தேன். வராந்தாவில் துரை இருந்தார். கையைத் தூக்கினார். வேலி முடிந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

"ஏன் கோணலா ஒக்காந்து ஓட்டுறீங்க?" என்று கேட்டாள் மனைவி.

அந்த மாதம் முடிவதற்குள் வளைவில் இறங்குகிறவர் எவரும் இல்லை. பெண்கள் குடையை விரித்தபடியே போனார்கள். எல்லாம் உன் வேலை என்றே இத்தனை காலமாக நம்பி வருகிறேன். அதனால்தான் மூன்றாவது குறிப்பு.

இதுவரை எழுதிவிட்டு மதியம் ரிங்லெட் கடைத்தெருவுக்குப் போனேன். நம் தோட்டத்தில் கொழுந்து எடுத்த காளியம்மா, மகனின் காய்கறிக் கடையில் உட்கார்ந்திருந்தார். நீ இறந்துவிட்டதைச் சொன்னேன். பிறகு, உன்னைப் பார்த்து நாங்கள் எல்லோரும் வளைவில் இறங்குவதை விட்டதைப் பற்றிச் சொன்னேன்.

"அவரப் பாத்தா?" என்று சிரித்துவிட்டார். "அவருக்கென்ன, ஒண்டிக்கட்டை. வாயும் ஜாஸ்தி. இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வேல போயிரும்னு பேசிக்கிட்டோம். புள்ளத்தாச்சிப் பொண்டாட்டிய வச்சிக்கிட்டு நீங்க இறங்காம போனீங்க பாருங்க, அன்னைக்குத்தான் நம்புனோம். பயந்த கிராணியே போறாரு, இனி ஒண்ணும் ஆவாதுன்னு."

"பயந்த கிராணியா?"

"லயத்துல அதுதானே ஒங்க பேரு. தெரியாதா?"

வாங்கிய கீரையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று நான் பயந்துகொண்டே போனதையும் அவர்கள் பார்த்திருப்பார்களோ என்று வழியெல்லாம் யோசித்தேன். பார்த்திருப்பார்கள். பார்த்ததால்தான் குடையை விரித்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. இந்த நினைப்போடு இனி கொஞ்சம் நிமிர்ந்து நடக்கலாம் போலிருக்கிறது.

மூன்றாவது குறிப்பு தவறு, நண்பா.